பரீட்சை வேண்டாம், பருப்பு கடையுங்கள்

அன்புள்ள அக்கா,

ராமநாதபுரம் மாவட்டத்து மண்டபம் ஊர்ப் பக்கத்தில் இருக்கிறோம். மகளுக்கு இரண்டரை வயது. படம் போட்ட அட்டைகளை வைத்துக்கொண்டு "இது என்ன? என்ன கலர்?" என்று நாள் முழுக்கக் கேட்கிறேன். "மீனு", "பந்து" என்று ஒற்றைச் சொல்லோடு நிறுத்திவிடுகிறாள். வீட்டுக்காரர் கடலுக்குப் போய்விட்டால் பேச்சுத் துணைக்கு நான் மட்டும்தான். போனில் பாட்டுப் போட்டால் பேச்சு வரும் என்கிறார்கள். போடலாமா?

அன்புள்ள தங்கைக்கு,

போன் விஷயத்தை முதலில் முடித்துவிடுகிறேன். இந்த வயதுக்கு நாளைக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் திரை கூடாது, குறைந்தால் இன்னும் நல்லது என்று உலக சுகாதார நிறுவனம் 2019-இல் சொல்லியிருக்கிறது. போன் பாடும், அவள் ஏதாவது சொன்னால் பதில் சொல்லாது.

உங்கள் "இது என்ன?"வுக்கு விடை உங்களுக்கே தெரியும் என்று அவளுக்கும் தெரியும். பிறகு எதற்கு வாயைத் திறப்பாள்? மீன் கழுவும்போது பக்கத்தில் உட்கார வையுங்கள் (அரிவாள்மனைக்கு எட்டாமல்). "ஐயோ, கணவாய் மை கக்கிருச்சு!" என்று சொல்லிவிட்டுச் சும்மா இருங்கள். மனசுக்குள் ஐந்து வரை எண்ணுங்கள். சொல்லைத் தேட அவளுக்கு அவ்வளவு நேரம் வேண்டும். "மை" என்றால், "ஆமா, கறுப்பு மை, கையெல்லாம் ஒட்டிருச்சு" என்று கூட்டிச் சொல்லுங்கள். "கறுப்பு மைன்னு சொல்லு" என்று விரட்டாதீர்கள்.

விளையாட்டுக்குப் பருப்பு கடைவது போதும். உள்ளங்கையில் முழங்கையால் கடைந்து, "அம்மாவுக்குக் கொஞ்சம், அப்பாவுக்குக் கொஞ்சம்" என்று ஊட்டி, "நண்டூருது, நரியூருது" என்று விரல்கள் கையில் ஏறும்போது பாதியில் நிறுத்திவிடுங்கள். விரலைப் பார்ப்பாள், உங்கள் முகத்தைப் பார்ப்பாள், இப்போதே தோளைச் சுருக்கிக்கொள்வாள். "ஊருது!" என்று ஒரு சத்தம் வந்த பிறகு கிச்சுகிச்சு மூட்டுங்கள். அடுத்த தடவை யாருக்குக் கொஞ்சம் என்பதை அவளே சொல்லட்டும். பூனைக்கு என்றால் பூனைக்கு. பிறகு உங்கள் கையை நீட்டுங்கள், அவள் கடையட்டும். இதை இன்னும் யாரும் அட்டையில் அச்சடித்து விற்கவில்லை, அதுவரை லாபம்.

வீட்டுக்காரர் விசைப்படகுக்காரர் என்றால் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம், வீட்டில்தான் இருப்பார். 61 நாளும் அவர் கையையும் நீட்டச் சொல்லுங்கள்.

ஆனால் பொதுவாக இரண்டு வயதிலேயே "அப்பா வா", "பால் தா" என்று இரண்டு சொல் சேர்ந்துவிடும். இரண்டரையிலும் ஒற்றைச் சொல்தான் என்றால், தானாக வரும் என்று விட வேண்டாம். காது கேட்கிறதா என்று ராமநாதபுரம் அரசு மருத்துவமனையில் பார்த்துவிடுங்கள். அங்கன்வாடிக்கு வருஷத்துக்கு இரண்டு முறை குழந்தைகளைப் பார்க்க வரும் மருத்துவக் குழுவிடமும் காட்டலாம். எப்போதாவது காதில் சீழ் வடிந்திருந்தால் அதையும் மறக்காமல் சொல்லுங்கள்.