கலிபோர்னியால அரசாங்க சுற்றுச்சூழல் வக்கீல் ஆக

தம்பி, இந்தியால நாலு வருஷம் பசுமைத் தீர்ப்பாயத்துல கேஸ் நடத்திட்டு இப்ப கிரீன் கார்டோட கலிபோர்னியா வந்திருக்கேன், இங்க அரசாங்கத்துல சுற்றுச்சூழல் வக்கீலா சேர முடியுமா, மறுபடி லா படிக்கணுமான்னு கேட்டிருந்தீங்க. படிக்க வேணாம். அங்க வக்கீலா பதிவு பண்ணவங்க நேரா கலிபோர்னியா பார் எக்ஸாம், அதாவது வக்கீல் உரிமத்துக்கான பரீட்சை, எழுதலாம், எல்எல்எம்ங்கற சட்ட மேல்படிப்பு கட்டாயமில்ல. எக்ஸாம் கஷ்டம்தான், எனக்கு ரெண்டாவது தடவைதான் வந்துச்சு.

நான் பண்ண தப்ப நீங்க பண்ணாதீங்க. வந்ததும் ஃபெடரல் வேலை (மத்திய அரசு வேலை) ஃபெடரல் வேலைன்னு ஒரு வருஷத்த வீணாக்கிட்டேன். இபிஏ (மத்திய சுற்றுச்சூழல் அமைப்பு), ஜஸ்டிஸ் டிபார்ட்மெண்ட் மாதிரி எடத்துல பொதுவா குடியுரிமை கேப்பாங்க, அதுக்கு கிரீன் கார்டு வந்து பெரும்பாலும் அஞ்சு வருஷம் ஆகணும். மாநில அரசுல அந்தத் தடை இல்ல. மாநிலத் தலைநகர் சாக்ரமெண்டோல நீர்வள வாரியம், காற்றுவள வாரியம், அட்டர்னி ஜெனரல் (மாநிலத் தலைமை வக்கீல்) ஆபீஸ்னு பாருங்க. கால்கேரியர்ஸ்ங்கற மாநில அரசு வேலை சைட்ல அட்டர்னி எக்ஸாம்னு ஆன்லைன்ல ஒண்ணு இருக்கு, அத முடிச்சு தகுதி லிஸ்ட்ல பேர் வந்தாதான் வேலைக்கே எடுப்பாங்க, நெறைய பேருக்கு இது தெரியாம போயிடுது.

நீர்வள வாரியத்துல வேலை எப்படின்னா, கோர்ட்ல நின்னு வாதாடறது ரொம்பக் கம்மி. ஆத்துல கழிவுநீர் விடற ஒவ்வொரு ஆலையும் தன் தண்ணிய தானே டெஸ்ட் பண்ணி ரிப்போர்ட் கையெழுத்து போட்டுக் குடுக்கணும், அந்த ரிப்போர்ட்ல லிமிட் தாண்டியிருந்தா அதுவே நமக்கு ஆதாரம், வேணும்னு பண்ணாங்களான்னு நிரூபிக்கவே தேவையில்ல, பெரிய மீறலா இருந்தா ஒவ்வொண்ணுக்கும் கொறைஞ்சது 3,000 டாலர் அபராதம்னு மாநில நீர்ச் சட்டமே சொல்லுது. அதனால நாள் முழுக்க என்ஜினியர்ங்க கூட உக்காந்து நம்பர் பாக்கறதுதான். தீர்ப்பாயத்துல நிபுணர் குழு ரிப்போர்ட் படிச்சுப் பழகியிருப்பீங்கல்ல, இன்டர்வியூல அத விரிவா சொல்லுங்க, உங்க பலமே அதான். சம்பளம் பெரிய பிரைவேட் ஃபர்ம் அளவுக்கு வராது, ஆனா ஒரு ஆத்துத் தண்ணி உங்க கையால சுத்தமாகறத பாக்கலாம், எனக்கு அது போதும்.

பார் எக்ஸாமுக்குப் படிக்க ஆரம்பிக்கறதுக்கு முன்னாடியே மாரல் கேரக்டர் அப்ளிகேஷன, அதாவது உங்க நன்னடத்தைய சரிபாக்கறதுக்கான விண்ணப்பத்த, போட்டுடுங்க, ஆறு மாசம் இழுக்கும், உங்க பார் கவுன்சில்லேர்ந்து வர வேண்டிய சர்டிபிகேட்டுக்கும் இப்பவே எழுதிடுங்க.