ஏரியில் மீன்கள் கூட்டமாகச் செத்து மிதக்கின்றன. கழிவுநீர்தான் காரணம் என்று எப்படி உறுதி செய்வது? உடனே என்ன செய்யலாம்?

முதலில் எந்த நேரத்தில் செத்தன என்று விசாரியுங்கள். விடியற்காலையில் மேலே வந்து வாயைப் பிளந்து பிளந்து மூடி, பெரிய மீன்கள் முதலில் செத்திருந்தால் பெரும்பாலும் ஆக்சிஜன் குறைவு. பாசி பகலில் ஆக்சிஜன் தரும், இரவில் அதையே எடுத்துக்கொள்ளும். அதனால் விடிவதற்குச் சற்று முன்புதான் அளவு அடிமட்டத்துக்குப் போகும். லிட்டருக்கு 5 மில்லிகிராம் இருந்தால் கவலையில்லை. 2-க்குக் கீழே பல இனங்கள் தாங்காது. நண்பகலில் மீட்டரை விட்டுப் பார்த்து ‘எல்லாம் சரி’ என்று எழுதும் அறிக்கையால் பயனில்லை.

விஷம் நேரம் பார்க்காது. குஞ்சு, பெரியது, நத்தை, நீர்ப்பூச்சி எல்லாம் சேர்ந்து சாகும். மீன்கள் தாறுமாறாகச் சுழலும். காற்றைச் சுவாசிக்கும் விராலும் செத்திருந்தால் விஷத்தைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும்.

ஆக்சிஜன் குறைவு என்று தெரிந்ததும் ‘அப்படியானால் கழிவுநீர் இல்லை’ என்பார்கள். ஒப்புக்கொள்ளாதீர்கள். சாக்கடை நீரைச் சிதைக்கும் பாக்டீரியாதான் ஆக்சிஜனைத் தின்கிறது, அதிலுள்ள நைட்ரஜனும் பாஸ்பரசும்தான் பாசியை வளர்க்கின்றன.

கழிவு ஓடிப்போய்விடும், எனவே மாதிரியைச் சில மணி நேரத்துக்குள் எடுங்கள்: கழிவு கலக்கும் இடத்துக்கு மேலே, கலக்கும் இடத்தில், அதற்குக் கீழே. ஒரே பாட்டிலில் எல்லாவற்றையும் பிடிப்பதுதான் வழக்கமான தவறு. பூச்சிக்கொல்லிக்குப் பழுப்புக் கண்ணாடி பாட்டில். உலோகங்களுக்குப் பிளாஸ்டிக் பாட்டில், பி.எச். (நீரின் அமில, காரத் தன்மையைக் காட்டும் அளவு) 2-க்குக் கீழே வரும்வரை நைட்ரிக் அமிலம். அந்த பாட்டிலில் நைட்ரேட் பார்க்க முடியாது. ஆக்சிஜனுக்கு 300 மில்லி கண்ணாடி மூடி பாட்டிலைக் குமிழி இல்லாமல் நிரப்பி, அங்கேயே மாங்கனீஸ் சல்பேட்டும் கார அயோடைடும் விடுங்கள். படிவு பழுப்பானால் ஆக்சிஜன் இருக்கிறது. வெள்ளையாகவே நின்றால் ஏறக்குறைய இல்லை. சாகும் தறுவாயில் உள்ள மீனை அலுமினியத் தாளில் சுற்றி ஐஸில் வையுங்கள். செவுள் வெளுத்த, அழுகிய மீன் ஆய்வகத்துக்கு உதவாது.

மீதி மீன்களைக் காப்பாற்ற: கழிவு வரும் வாயை அடைத்துவிடுங்கள், தீவனத்தை நிறுத்துங்கள், பம்பு வைத்து நீரை மேலே தூக்கித் தெளியுங்கள். சுண்ணாம்பை மட்டும் அவசரப்பட்டுக் கொட்டாதீர்கள், அது பி.எச்.-ஐ ஏற்றி, கழிவிலுள்ள அம்மோனியாவை நச்சாக்கும். 25 டிகிரி வெப்பத்தில், பி.எச். 7 இருக்கும்போது மொத்த அம்மோனியாவில் ஒரு சதவீதம்கூட நச்சு வடிவில் இருக்காது. 9 ஆனால் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் அப்படி மாறிவிடும். பாசியைக் கொல்ல மயில்துத்தத்தை மொத்தமாகப் போடுவதும் இதே ரகம்: செத்த பாசி அழுகும்போது மிச்சமிருக்கும் ஆக்சிஜனும் போய்விடும்.

செத்த மீன்களைக் கரையில் குவிக்காமல் தள்ளிக் குழி வெட்டிப் புதையுங்கள். அதற்கு முன் இனம், எண்ணிக்கை, நீளம் குறித்து, அளவுகோல் வைத்துப் படம் எடுத்துவிடுங்கள். இழப்பீடு கேட்கப் போனால் அந்தக் கணக்கு இல்லாமல் பேச்சே நகராது.