பழைய கார் பவர் ஸ்டீயரிங் பம்ப்ப வச்சு பவர் டில்லர் ட்ரெய்லருக்கு ஹைட்ராலிக் லிஃப்ட் பண்ண முடியுமா?

முடியுங்க. எங்க தோட்டத்துல எரு ஏத்துற ட்ரெய்லருக்கு நான் பண்ணியிருக்கேன், மூணு வருசமா ஓடுது. ஆனா காயலாங்கடையில கெடைக்கிற எல்லாமே இதுக்கு ஆகாது.

பம்ப் பழசு தாராளமா வாங்கலாம். குவாலிஸ், சுமோ, பழைய இன்னோவா மாதிரி வண்டில இஞ்சின்லேர்ந்து பெல்ட் போட்டு ஓடுற பம்ப் இருக்கும். இப்ப வர்ற சின்ன கார்ல பெரும்பாலும் ஸ்டீயரிங்குக்கு கரண்ட் மோட்டார்தான், பம்ப்பே கெடையாது. சென்னைப் பக்கம்னா புதுப்பேட்டையில தேடலாம். புல்லிய கையால சுத்திப் பாருங்க, கரகரன்னு இருந்தாலோ ஷாஃப்ட் ஆடினாலோ விட்டுடுங்க. எந்தப் பக்கம் சுத்துற பம்ப்னு கேட்டுக்கிட்டு பெல்ட் போடுங்க, திருப்பிச் சுத்தினா ஆயில் தள்ளாது.

இந்த மாதிரி பம்ப் வண்டியப் பொறுத்து சுமார் 60லேர்ந்து 100 பார் வரைக்கும் பிரஷர் குடுக்கும். நான் 70னு வச்சுதான் கணக்கு போட்டேன். ஜாக்னு நான் சொல்றது ஆயில் தள்ளி நீளுற ஹைட்ராலிக் சிலிண்டர், போர்னா அதோட உள்விட்டம். 50 மில்லிமீட்டர் போர் ஜாக்னா 1,300 கிலோவுக்கு மேல தள்ளும், ஒரு டன் எருவுக்கு போதும்னு நெனச்சு மாட்டினேன், தூக்கவே இல்ல. ஏன்னா ட்ரெய்லர் அடியில ஜாக் கிட்டத்தட்ட படுத்த மாதிரி இருந்துச்சு, தள்ளுற பலத்துல பாதி கூட மேல போகல. ஜாக்க கொஞ்சம் நிமித்தி வச்சு, 63 மில்லிமீட்டர் போருக்கு மாத்துனதுக்கு அப்புறம்தான் தூக்குச்சு, அது 2,100 கிலோவுக்கு மேல தள்ளும்.

அடுத்து மாட்டிக்கிட்டது ஆயில் டப்பாவுல. கார்ல வர்ற டப்பா ஒரு லிட்டர் கூட புடிக்காது, ஸ்டீயரிங்குக்கு அது போதும், ஆனா என்னோட ஜாக் 400 மில்லிமீட்டர் நீளும், முழுசா நீளுறதுக்கே 1.25 லிட்டர் வேணும். பாதி தூக்குறப்பவே பம்ப் காத்தை இழுத்து கத்த ஆரம்பிச்சு ஆயில் பூரா நுரையாயிடுச்சு. அப்புறம் லேத்துல சொல்லி தகடு வெல்டிங் பண்ணி 6 லிட்டர் டேங்க் ஒண்ணு செஞ்சு பம்ப்புக்கு மேல உயரமா வச்சேன், ஆயில் தானா எறங்கணும். இப்ப நிமிசத்துக்கு 6 லிட்டர் கணக்குல முழுசா தூக்க 12, 13 செகண்ட் ஆகுது.

கண்ட்ரோல் வால்வு மட்டும் ஓபன் சென்டர் டைப்பா புதுசு வாங்குங்க, லிவர் நடுவுல இருக்கப்ப ஆயில் சும்மா டேங்குக்கே திரும்பிடணும், இல்லன்னா பம்ப் எந்நேரமும் பிரஷர்லயே நின்னு சூடாகி செத்துடும். பம்ப்குள்ள பிரஷர் அதிகமானா திறந்து விடுற ரிலீஃப் வால்வு இருக்குதான், ஆனா அது ஸ்டீயரிங் கடைசி வரைக்கும் திரும்புற அந்த ரெண்டு செகண்டுக்கு வச்சது. அதனால வெளிய தனியா ஒரு ரிலீஃப் வால்வு போட்டு கொஞ்சம் கம்மியா செட் பண்ணுங்க.

இப்ப முக்கியமானது. பிரேக் மாஸ்டர் சிலிண்டர், வீல் சிலிண்டர் எல்லாம் சீப்பா கெடைக்குதுன்னு எடுத்துடாதீங்க. அதுல இருக்குற ரப்பர் பிரேக் ஆயிலுக்குன்னு செஞ்சது, ஹைட்ராலிக் ஆயில் பட்டா ஊறி வீங்கிடும். அதே மாதிரி ஸ்டீயரிங் பம்ப்ல பிரேக் ஆயில் ஊத்தினா சீல் போயிடும். ஹோஸும் பழசு வேணாம்ங்க, கம்பி பின்னல் வச்ச ஹைட்ராலிக் ஹோஸ் புதுசா அளவு குடுத்து அடிச்சு வாங்குங்க. எங்கயாவது சின்னதா பீச்சுதான்னு பாக்க கைய வைக்கவே வைக்காதீங்க, ஊசி ஓட்டை வழியா வர்ற ஆயில் தோலுக்குள்ளயே ஏறிடும், அப்படி ஏறினா வலி இல்லன்னாலும் உடனே ஆஸ்பத்திரி போயாகணும். கைக்குப் பதிலா ஒரு அட்டைத் துண்ட காட்டிப் பாருங்க. ட்ரெய்லர் தொட்டி தூக்கி நிக்கிறப்ப அடியில குனியணும்னா இரும்புக் கட்டை ஒண்ணு முட்டுக் குடுத்துட்டுதான் குனியணும், நான் அதை ட்ரெய்லர்லயே கீல் போட்டு மாட்டி வச்சிருக்கேன், தேடிப் போக வேண்டியதில்ல.