உறிஞ்சலும் சிந்தலும்

கேள்வி: ஆங்கிலத்தில் ‘ஸ்னிஃபிள்’ என்கிறார்கள், ‘ஸ்னிவல்’ என்கிறார்கள். என் கையகராதி இரண்டுக்கும் ‘மூக்கை உறிஞ்சுதல்’ என்றே பொருள் தருகிறது. இரண்டும் ஒன்றுதானா?
– வாசகி ஒருவர், கும்பகோணம்

பதில்: ஒன்றல்ல. உறிஞ்சினால் ஸ்னிஃபிள், சிந்தினால் ஸ்னிவல். அவசரக்காரர்கள் அடுத்த கேள்விக்குப் போகலாம்.

மழையில் நனைந்து வந்த பிள்ளை, கடைசி பெஞ்சில் உட்கார்ந்து நிமிடத்துக்கொரு தரம் ‘ஸ்ர்ர்’ என்று இழுக்கிறதே, அது ஸ்னிஃபிள். அழுது ஓய்ந்த பிறகும் விட்டுவிட்டு இழுத்தால் அதுவும் ஸ்னிஃபிள்தான். அதில் யாருக்கும் குறைச்சல் இல்லை. லேசான ஜலதோஷத்துக்கே அங்கே ‘ஸ்னிஃபிள்ஸ்’ என்று செல்லப்பெயர் உண்டு. ஸ்னிவல் வேறு ஜாதி. அதில் அழுகை உண்டு, புலம்பல் உண்டு, எல்லாவற்றுக்கும் மேலே அதைக் கேட்டுக்கொண்டிருப்பவரின் எரிச்சல் உண்டு. ‘காலையிலிருந்து ஒரே ஸ்னிஃபிள்’ என்று எந்த வெள்ளைக்காரரும் தன்னைப் பற்றிச் சொல்லிக்கொள்வார். ‘ராத்திரி முழுக்க ஸ்னிவல் பண்ணிக்கொண்டிருந்தேன்’ என்று சொல்லிக்கொள்ள மனசு வராது. அது அடுத்தவர் முதுகில் ஒட்டுகிற சீட்டு.

தமிழுக்கு இது புதிதா என்ன? ‘எதுக்கெடுத்தாலும் மூக்கைச் சிந்தாதே’ என்று மாமியார் சொன்னால், சளியைப் பற்றியா சொல்கிறார்? கோயில் திருப்பணிக்கு ரசீதுப் புத்தகத்தை நீட்டியதும் மூக்கால் அழுகிற மிராசுதாருக்கு நீர்க்கோவையா? ஸ்டம்ப் எகிறிய பிறகும் ‘நான் ரெடியே சொல்லலை’ என்று சிணுங்குகிற பையனின் அழுகுணி ஆட்டமும் இந்த வகையறாதான். கையகராதிக்காரர் ஜன்னலைத் திறந்து தெருவைக் கேட்டிருந்தால் போதும்.

மேலே ‘ஜலதோஷம்’ என்று எழுதிவிட்டேன். இனி வரப்போகும் கடிதங்கள் எனக்கு மனப்பாடம். தனித்தமிழ் அன்பர்கள் கண்டிப்பார்கள். சரி என்று ‘தடுமன்’ என்று எழுதினால், சென்னை சந்தாதாரர்கள் அச்சுப்பிழை என்பார்கள். ‘சளி’ என்றால் ஒரு மருத்துவர், சளி என்பது வெளிவரும் பொருள், நோயின் பெயரல்ல என்று நாலு பக்கம் எழுதுவார். இந்தச் சண்டை இந்தப் பக்கத்தில் பல வருஷமாக நடக்கிறது. மூக்கு மட்டும் எல்லாருக்கும் ஒரே மாதிரிதான் ஒழுகுகிறது.

அழுதால் மூக்கு ஏன் ஒழுகவேண்டும்? கண்ணாடி முன் நின்று கீழ் இமையை லேசாக இழுத்துப் பாருங்கள். மூக்கை ஒட்டிய ஓரத்தில், ஊசி குத்தினாற்போல ஒரு சின்னத் துளை தெரியும். மேல் இமையிலும் ஒன்று உண்டு. கண்ணீர் அந்த வழியாக இறங்கி மூக்குக்குள் போகிறது. கண்ணுக்குச் சொட்டு மருந்து விட்டால் சற்று நேரத்தில் தொண்டை கசப்பது இதனால்தான். அழும்போது வரத்து அதிகம், வாய்க்கால் சிறிசு. மிஞ்சியது கன்னத்தில் வழிகிறது, இறங்கியது மூக்கில் ஒழுகுகிறது. அழுகைக்கும் ஜலதோஷத்துக்கும் ஆங்கிலத்தில் ஒரே சொல் புழங்குவதற்கு உடம்பிலேயே காரணம் இருக்கிறது.

இன்னொன்றும் கவனியுங்கள். ஸ்னீஸ், ஸ்நோர், ஸ்நார்ட், ஸ்நவுட், ஸ்னிஃப் – தும்மல், குறட்டை, கனைப்பு, மிருகத்தின் மூஞ்சி, மோப்பம். எல்லாம் மூக்கு, எல்லாவற்றுக்கும் தொடக்கம் ‘ஸ்ன’. மூக்கடைத்துக் கொறகொறக்கிற ‘ஸ்னஃபிள்’, மூக்குப்பொடியாகிய ‘ஸ்னஃப்’ இரண்டும் இதே வரிசையில் நிற்கின்றன. ஸ்னீஸ் முதலில் ‘ஃப்ன’ என்று தொடங்கிய சொல். பிறகுதான் இந்தக் கூட்டத்தோடு சேர்ந்துகொண்டது. இப்படி ஓர் ஒலித்துண்டு ஒரே பொருளைச் சுற்றிவருவதற்கு 1930-இல் ‘ஃபோனஸ்தீம்’ என்று பெயர் வைத்தவர் ஆங்கிலேய மொழியியலாளர் ஜே.ஆர். ஃபர்த். லாகூரில் பேராசிரியராக இருந்துவிட்டு லண்டன் திரும்பியவர். 1934-இல் ஆர்டன் பாதிரியாரின் தமிழ் இலக்கணத்துக்குப் பின்னிணைப்பாகத் தமிழ் உச்சரிப்பு பற்றி எழுதியவரும் இவரேதான்.

தமிழ் உச்சரிப்பு என்றதும் எனக்குக் கை அரிக்கிறது. மெல்லெழுத்து ஆறும் ‘மூக்கின் வளியிசை’யால் பிறக்கின்றன என்று தொல்காப்பியர் சொல்லிவிட்டார். ‘ப’வுக்கும் ‘ம’வுக்கும் உதடு மூடுவது ஒரே மாதிரி, ‘ம’வுக்கு மூக்கு வழியாகக் காற்று போகிறது, அவ்வளவே. அந்த மூக்கை அடைத்துவிட்டால்? மெல்லினம் ஆறும் தத்தம் இனமான வல்லினத்திடம் அடைக்கலம் புகும். மூக்கடைத்த பிள்ளை ‘பந்து’ கேட்கும்; கடைக்காரர் ‘பத்து’ என்று கேட்டுச் சில்லறை எண்ணுவார். ‘நண்டு’ என்றால் ‘தட்டு’ வரும். ‘தங்கை’ என்று கூப்பிட்டால் ‘தக்கை’ என்று விழும், தங்கை கோபித்துக்கொள்ளும். ராத்திரி பிள்ளை ‘அம்மா’ என்று முனகினால் காதில் ‘அப்பா’ என்று விழும். ‘உங்களைத்தான் கூப்பிடறான், எழுந்து போங்க’ என்று மனைவி திரும்பிப் படுத்துக்கொள்ள, குடும்பத் தலைவர் வெந்நீர் வைக்கப் போவார். மார்கழி, தை மாதங்களில் தமிழ்நாட்டுத் தந்தையருக்குக் கிடைக்கும் திடீர் மரியாதைக்கு மொழியியல் காரணம் இதுவே.

இதற்கும் இலக்கணம் இல்லாமலில்லை. மெல்லெழுத்து வல்லெழுத்தாவதை ‘வலித்தல் விகாரம்’ என்று நன்னூல் சொல்கிறது. ‘குறுந்தாள்’ செய்யுளில் ‘குறுத்தாள்’ ஆகும் என்பது உரைக்காரர்கள் காட்டும் உதாரணம். எதுகைக்காகப் புலவர் செய்தது என்பார்கள். எனக்கென்னவோ, பாடின அன்று அவருக்குக் கடும் தடுமன் என்றுதான் சந்தேகம். ‘தட்டை’யைத் ‘தண்டை’ ஆக்கிய மெலித்தல் விகாரக்காரர், எல்லாவற்றையும் மூக்காலேயே பேசுகிற ஆசாமியாக இருந்திருப்பார்.

வழி தவறிவிட்டேன். கேள்வியில் எனக்குப் பிடித்த இடம் அழுகைதான். அழுகைக்கு எந்தச் சொல் கிடைக்கும் என்பதை அழுகிறவர் முடிவு செய்வதில்லை. மேடையில் தலைவருக்குக் குரல் கம்மினால் செய்தித்தாளில் ‘நா தழுதழுத்தது’ என்று வரும். நிர்வாக இயக்குநர் கண்ணைத் துடைத்தால் ‘நெகிழ்ந்தார்’. அதே கட்டடத்தில் வேலை போன கூட்டுகிற அம்மாள் அதே அளவு நீரை அதே மூக்கிலிருந்து விட்டால், ‘ஆபீஸ் வாசலில் மூக்கைச் சிந்திக்கொண்டு நிற்கிறாள்’. நீருக்கு வித்தியாசம் இல்லை, நாற்காலிக்குத்தான். ஸ்னிஃபிளுக்கும் ஸ்னிவலுக்கும் நடுவிலுள்ள கோட்டைப் பல நேரம் போடுவது இந்த நாற்காலிதான். பதவியில் இருப்பவரை ஸ்னிவல் என்று எழுத அங்கேயும் தைரியம் வேண்டும்.

தொல்காப்பியர் இந்த விஷயத்தில் நம் நிருபர்களைவிட நியாயமானவர். அழுகைக்கு நான்கு காரணம் சொன்னார்: இளிவு, இழவு, அசைவு (நிலை தளர்தல்), வறுமை. பிறர் இகழ்ந்தாலும் அழலாம், காசில்லாவிட்டாலும் அழலாம். எந்த அழுகையையும் அவர் மூக்குச்சிந்தல் என்று தள்ளவில்லை.

கடைசியாக, எங்கள் ஆசிரியர் குழுவில் நான் மாரடிக்கும் விவகாரம் ஒன்று: ‘கண்ணீர் மல்க’. மல்குதல் என்றால் நிறைதல். கண்ணில் நிறைந்து நிற்கவேண்டும், வழியக்கூடாது. ‘காதலாகிக் கசிந்து கண்ணீர் மல்கி’ என்று சம்பந்தர் பாடினாரே, அந்தச் சொல் இது. இன்று கட்சியில் சீட்டுக் கிடைக்காத பிரமுகர் துண்டால் மூக்கைப் பொத்திக்கொண்டு, அடுத்த கட்சியின் பெயரை நடுநடுவே சூசகமாகச் சொல்லிக்கொண்டு பேட்டி கொடுத்தால், அதற்கும் ‘கண்ணீர் மல்க’. அம்மணி, அதற்குப் பெயர்தான் ஸ்னிவல். தொகுதி கேட்டு அழுகிற அழுகைக்குத் தேவாரத்தைக் கடன் கொடுக்கக்கூடாது என்று உதவி ஆசிரியர்களிடம் கத்தியிருக்கிறேன். அடுத்த இதழில் மறுபடி வரும், பாருங்கள்.

‘மூக்கைச் சிந்துதல்’ கொச்சை வழக்கு, கௌரவமான பத்திரிகையில் வரலாமா என்று இந்நேரம் பேனா தேடும் புலவர் ஐயாவுக்கு: தாராளமாக எழுதுங்கள். தட்டச்சு செய்து அனுப்பவும். உங்கள் கையெழுத்தில் மெல்லினமும் வல்லினமும் ஒன்றாகத்தான் தெரிகின்றன.