சினை இறாலும் அதன் முட்டைகளும்: கேள்வி பதில்

வீட்டுத் தொட்டியில் இறால் வளர்ப்போர் அனுப்பிய கேள்விகளுக்கான பதில்கள் இவை. வேறு இனத்தைப் பெயர் சொல்லிக் குறிப்பிடாத இடங்களில், இறால் என்பது நியோகரிடினா டேவிடி எனப்படும் செர்ரி இறாலையே குறிக்கும்.

கேள்வி: பெண் இறாலின் தலைக்குப் பின்னால், முதுகில் மஞ்சள் நிறத் திட்டு தெரிகிறது. பத்து நாட்களாகியும் முட்டை வயிற்றுக்கு வரவில்லையே, ஏன்?

அந்தத் திட்டு சூலகத்தில் முதிர்ந்துவரும் முட்டைகள். பெண் இறால் சட்டை உரித்த பிறகுதான் இணை சேர முடியும். உரித்தவுடன் அது நீரில் விடும் வேதிப்பொருளை உணர்ந்து ஆண்கள் தொட்டி முழுவதும் பரபரப்பாக நீந்துவதைப் பார்க்கலாம். இணைந்தபின் முட்டைகள் கீழிறங்கி, வயிற்றின் அடியிலுள்ள நீந்துகால்களின் மயிரிழைகளில் ஒட்டிக்கொள்ளும். முதிர்ந்த ஆண் தொட்டியில் இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டு பொறுத்திருங்கள்.

கேள்வி: முட்டை சுமந்த இறால் நான்கைந்து நாட்களில் முட்டைகளைக் கைவிட்டுவிடுகிறது. மூன்றாவது முறையாக இப்படி நடக்கிறது. வாரந்தோறும் பாதித் தண்ணீரை மாற்றிச் சுத்தமாகத்தான் வைத்திருக்கிறேன்.

உங்கள் அக்கறை புரிகிறது. ஆனால் காரணம் அந்தப் பாதித் தண்ணீர்தான் என்று கருதுகிறேன். முட்டைகள் ஒட்டியிருப்பது இறாலின் மேலோட்டில் என்பதால், முட்டை பொரிவதற்குள் தாய் மீண்டும் சட்டை உரித்தால், ஓட்டோடு முட்டைகளும் போய்விடும். நீரின் கடினத்தன்மையும் வெப்பமும் திடீரென்று மாறும்போது இறால் காலத்துக்கு முன்பே உரித்துவிடுகிறது. உதிர்ந்த ஓட்டில் முட்டைகள் ஒட்டியிருந்தால் இதுவே நடந்தது என்று உறுதி செய்துகொள்ளலாம். வாரம் பத்தில் ஒரு பங்கு நீரை மட்டும் மாற்றுங்கள். புதிய நீரை, குளோரின் நீக்கிய பிறகு, மெல்லிய குழாய் வழியாகச் சொட்டுச் சொட்டாக விடுங்கள். சென்னையில் ஒரு வாரம் குடிநீர் வாரியத் தண்ணீர், மறுவாரம் ஆழ்துளைக் கிணற்று நீர் என்று மாற்றி மாற்றி ஊற்றுவோர் பலர். இரண்டுக்கும் உப்பளவு பெரிதும் வேறுபடும். சற்றே கடினமான நீராக இருந்தாலும், அது எப்போதும் ஒரே அளவில் இருப்பதே மேல். முதல் முறை சினையாகும் இளம் இறால்கள் சில முட்டைகளை உதிர்ப்பது இயல்பு. அதற்கு மருந்து தேட வேண்டாம்.

கேள்வி: முட்டைகளுக்கிடையே பச்சைப் பஞ்சு போல ஏதோ வளர்ந்திருக்கிறது. பூஞ்சையா?

பூஞ்சை பிடித்த முட்டை வெள்ளையாகி, அதன்மேல் வெண்ணிற நூல்கள் படரும். உயிருள்ள முட்டையைத் தாய் நீந்துகால்களால் இடைவிடாமல் விசிறிக்கொண்டே இருக்கும். கெட்டதை அதுவே பிடுங்கி எறிந்துவிடும். நீங்கள் சொல்லும் பச்சைப் பஞ்சு நீந்துகால்களின் அடியில் வேர்விடும் ஒட்டுண்ணியாக இருக்கலாம். புதிதாக வளர்ப்போர் இதை முட்டை என்றே எண்ணி மகிழ்ந்துவிடுகிறார்கள். முட்டைகள் தனித்தனி உருண்டைகளாகத் தெரியும்; இது இழையிழையாகத் தெரியும். அந்த இறாலை உடனே தனித் தொட்டிக்கு மாற்றிவிடுங்கள். செம்பு கலந்த மீன் மருந்தை மட்டும் ஊற்றவே கூடாது. செம்பு இறாலுக்கு நஞ்சு.

கேள்வி: உதிர்ந்த முட்டைகளைக் காப்பாற்ற வழியுண்டா?

முட்டைக்குள் இரண்டு கருப்புக் கண்புள்ளிகள் தெரிகிற நிலையில் உதிர்ந்திருந்தால் நல்ல வாய்ப்பு உண்டு. நுண்ணிய வலையாலான சிறு கிண்ணத்தில் முட்டைகளை இட்டு, அதே தொட்டிக்குள் வைத்து, காற்றுக்குமிழ்களால் அவை மெதுவாகப் புரண்டுகொண்டே இருக்கும்படி செய்யுங்கள். குமிழ் வேகமாக இருந்தால் முட்டை சிதைந்துவிடும். வெள்ளையானவற்றை நாள்தோறும் எடுத்துவிட வேண்டும். கண்புள்ளி தோன்றாத இளம் முட்டைகளில் பெரும்பாலானவை பிழைப்பதில்லை. அதனால்தான் நோயில்லாத சினை இறாலை வலையால் பிடித்து வேறு பெட்டிக்கு மாற்றுவதையே நான் ஏற்பதில்லை.

கேள்வி: வேலூர் வெயிலில் தொட்டி நீர் 31 பாகை (டிகிரி) செல்சியஸைத் தொடுகிறது. முட்டைகள் தாங்குமா?

22 முதல் 26 பாகை வரை நல்லது. அந்த அளவில் முட்டை பொரிய ஏறத்தாழ மூன்று முதல் நான்கு வாரங்கள் ஆகும். சூடு கூடினால் விரைவில் பொரியும். ஆனால் நீரில் கரைந்த ஆக்சிஜன் குறைந்து தாயே தளர்ந்துவிடும். மூடியை எடுத்துவிட்டு நீர்ப்பரப்பின்மேல் சிறு மின்விசிறியை வைத்தால் இரண்டு மூன்று பாகை குறையும். ஆவியாவது நீர் மட்டுமே, உப்பு தங்கிவிடும் என்பதால் குறைந்த அளவை ஆர்.ஓ. நீரால் ஈடுசெய்யுங்கள்.

கேள்வி: ஒரே இரவில் சினை இறால்கள் உட்படப் பாதி இறந்துவிட்டன. நீர்ப் பரிசோதனையில் குறையேதும் இல்லை.

அந்த அறையில் கொசுவிரட்டித் திரவம் ஏற்றினீர்களா, அல்லது கடையில் வாங்கிய கீரையை உணவாக இட்டீர்களா? பூச்சிகளைக் கொல்லும் மருந்து இறாலையும் கொல்லும். மீனைப் பாதிக்காத மிகச் சிறிய அளவே போதும். நான் வீட்டு முருங்கைக்கீரையைக் கொதிநீரில் போட்டெடுத்து ஆறவைத்தே கொடுக்கிறேன்.

கேள்வி: அமானோ இறாலும் ஆயிரக்கணக்கில் முட்டை சுமக்கிறது, குஞ்சு ஒன்றுகூடக் கிடைக்கவில்லை.

செர்ரி இறாலின் முட்டையிலிருந்து, தாயைப் போன்ற சிற்றுருவம் நேரடியாக வெளிவரும். அமானோவின் முட்டையிலிருந்து வருவது இளம்புழு. அது உப்புநீரில்தான் வளரும். நன்னீர்த் தொட்டியில் அவை சில நாட்களில் இறந்துவிடும். செர்ரி இறாலை வளர்த்து நன்கு பழகிய பிறகே அமானோ குஞ்சு வளர்ப்பில் இறங்குங்கள்.

கேள்வி: செர்ரிக் குஞ்சுகள் பொரிந்தபின் காணாமல் போகின்றன.

வடிகட்டி பம்பு உறிஞ்சியிருக்கும், அல்லது மீன் தின்றிருக்கும். பஞ்சு வடிகட்டிக்கு மாறுங்கள். பாசியும் காய்ந்த நாட்டு வாதுமை இலையும் போட்டு வையுங்கள். இலையில் படரும் நுண்ணுயிர்ப் படலமே குஞ்சுகளுக்கு முதல் உணவு. அந்தப் பஞ்சைக் குழாய் நீரில் கழுவாமல் தொட்டியிலிருந்து எடுத்த நீரிலேயே பிழிந்தெடுங்கள். பிழிவதற்கு முன் அதில் குஞ்சுகள் ஒட்டியிருக்கின்றனவா என்று பார்த்துவிடுங்கள்.