அப்பா இப்போது எங்கே இருக்கிறார்?

சகோதரி, இறந்துபோன அப்பா எங்கே என்று கேட்கிறீர்கள். சிஎஸ்ஐ (தென்னிந்தியத் திருச்சபை) சபையில் வளர்ந்த அவர் "கர்த்தரிடம் போய்விட்டார்" என்கிறீர்கள், அட்வென்டிஸ்ட் சபைச் சித்தப்பா "ஒன்றும் அறியாமல் தூங்குகிறார்" என்கிறார், கத்தோலிக்கச் சம்பந்தி வீட்டார் முப்பதாம் நாள் பூசை கேட்கிறார்கள். மூவரும் உயிர்த்தெழுதலை நம்புகிறவர்கள்தான். கருத்து வேறுபாடு மரணம் முதல் அதுவரையான இடைக்காலம் பற்றியது.

சித்தப்பாவின் ஆதாரம் பிரசங்கி 9:5: மரித்தவர்கள் ஒன்றும் அறியார்கள். உங்கள் பக்கம் லூக்கா 23:43 (கள்ளனிடம் இயேசு, "இன்றைக்கு நீ என்னுடனேகூடப் பரதீசிலிருப்பாய்"), பிலிப்பியர் 1:23 (தேகத்தைவிட்டுப் பிரிந்து கிறிஸ்துவுடன் இருக்கப் பவுலின் ஆசை). லூக்கா 16-இல் வரும் ஐசுவரியவான், லாசரு கதையை இறுதி நரகம் என்று பலரும் வாசித்துக் குழம்புகிறார்கள். அங்கே ஐசுவரியவானுடைய ஐந்து சகோதரர்கள் இன்னும் உயிரோடு இருக்கிறார்கள், ஆகவே அது நியாயத்தீர்ப்புக்கு முந்திய பாதாளம், அதாவது இறந்தவர்களின் இடம். உவமை என்பதால் அதை மட்டும் வைத்து வரைபடம் போடாதீர்கள்.

சம்பந்தி வீட்டார் பூசை கேட்பதற்குப் பின்னால் இருப்பது உத்தரிக்கிற ஸ்தலம் என்ற நம்பிக்கை. அது இரண்டாம் வாய்ப்பு அல்ல. மீட்பு உறுதியானவர்கள் தூய்மை பெறும் நிலை என்பதே கத்தோலிக்கப் போதனை. அவர்கள் காட்டும் 2 மக்கபேயர் 12:43-46 உங்கள் சிஎஸ்ஐ வீட்டுப் பைபிளில் இருக்காது, தேடி அலைய வேண்டாம்.

அப்பா கத்தோலிக்கர் இல்லையே என்று தயங்கவும் வேண்டாம். யாருக்காகவும் பூசை ஒப்புக்கொடுக்கக் குருவுக்குத் திருச்சபைச் சட்டம் 901 இடம் தருகிறது. பங்கு அலுவலகத்தில் பெயரும் தேதியும் முன்கூட்டியே கொடுத்தால் போதும். பூசையில் நீங்கள் உட்கார்ந்து ஜெபிக்கலாம், நற்கருணை வாங்க வரிசையில் போகாதீர்கள்.

கீழ்ப்பாக்கம் கல்லறையில் கூடும்போது கிறிஸ்துவுக்குள் மரித்தவர்கள் எழுந்திருப்பார்கள் என்று சொல்லும் 1 தெசலோனிக்கேயர் 4:13-18 வாசியுங்கள். சித்தப்பாவும் சம்பந்தியும் தடையின்றி ஆமென் சொல்லும் பகுதி அது. விவாதத்தை அன்றைக்கு எடுக்கவே எடுக்காதீர்கள், அம்மா பக்கத்தில் நிற்பார்கள்.