மைனர் பட்டம் எடுக்கலாமா? வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: ஐயா, வணக்கம். அண்ணா பல்கலைக்கழகத்தின் இணைப்புக் கல்லூரி ஒன்றில் 2024-இல் மெக்கானிக்கல் பிரிவில் சேர்ந்தேன். மூன்றாம் செமஸ்டர் வரை சிஜிபிஏ (ஒட்டுமொத்தத் தரப்புள்ளிச் சராசரி) 7.8. அந்த செமஸ்டரின் கணிதத் தாளில் மட்டும் ஓர் அரியர் (தேர்ச்சி பெறாமல் நிலுவையில் உள்ள தாள்) உண்டு. ஐந்தாம் செமஸ்டரிலிருந்து மைனர், அதாவது பட்டத்தோடு வேறொரு துறையிலும் கூடுதல் தகுதி, எடுக்கலாம் என்று கல்லூரியில் சொல்கிறார்கள். நண்பர்களில் பாதிப் பேர் பிசினஸ் டேட்டா அனலிட்டிக்ஸ் பக்கம் போகிறார்கள். எனக்கு ரோபோட்டிக்ஸில் ஆசை. மின்வாகனப் பாடங்களை எடு என்கிறார் ஒரு சீனியர். அப்பா நாமக்கல்லில் லாரி பாடி கட்டும் பட்டறை வைத்திருக்கிறார். எதைத் தேர்ந்தெடுப்பது?
(பெயர் வெளியிட விரும்பாத மாணவர், நாமக்கல்)

பதில்: மைனர் என்றால் சங்கிலியும் ஜரிகை வேட்டியுமாகத் திரிந்த பழைய பண்ணை வீட்டுப் பிள்ளைகள்தான் என் தலைமுறைக்கு நினைவுக்கு வருவார்கள். அந்த மைனர்கள் சொத்தைக் கரைத்தார்கள். இந்த மைனர் உங்கள் நேரத்தைக் கரைக்கும். ஆகவே கணக்கிலிருந்தே தொடங்குவோம்.

உங்கள் பல்கலைக்கழகத்தின் 2021 ஒழுங்குமுறையின்படி, உங்கள் பட்டத்துக்கு வேண்டிய கிரெடிட்டுகளுக்கு (பாடங்களுக்குத் தரப்படும் எடைப் புள்ளிகளுக்கு) மேல் குறைந்தது 18 கிரெடிட்டுகளை, வேறொரு துறையிலோ எல்லாருக்கும் பொதுவாகவோ உள்ள ஒரே பிரிவிலிருந்து (வெர்டிகல் எனப்படும் பாடத் தொகுப்பிலிருந்து) பெற்றால்தான் மைனர் கிடைக்கும். மூன்று கிரெடிட் பாடம் ஒன்றுக்கு 45 வகுப்புகள் என்றால், ஆறு பாடங்களுக்கு 270 வகுப்புகள். மற்றவர்கள் பேருந்தைப் பிடித்து வீடு போய்ச் சேர்ந்த பிறகோ, சனிக்கிழமையிலோதான் பெரும்பாலான கல்லூரிகளில் இவை நடக்கும். ஏழாம் செமஸ்டரில் வேலைக்கான வளாகத் தேர்வு வந்து நிற்கும்; எட்டாவதில் புராஜெக்ட். எனவே ஐந்திலும் ஆறிலும் இரண்டிரண்டு பாடங்களை முடித்துவிடுவதுதான் நடைமுறைக்கு ஒத்துவரும். மீதி இரண்டை, ஸ்வயம் என்ற அரசு இணையக் கல்வித் தளத்தில் ஐஐடிகள் முதலியவை நடத்தும் என்பிடெல் பாடங்களாகப் படிக்கலாம். இணையவழியில் 6 கிரெடிட் வரைதான் அனுமதி என்பதால் இரண்டுக்கு மேல் அங்கே தள்ள முடியாது. பன்னிரண்டு வாரப் பாடம் 3 கிரெடிட்டுக்குச் சமம். அதில் வாராந்தரப் பயிற்சிகளில் சிறந்த எட்டின் சராசரிக்கு 25 மதிப்பெண், நேரில் போய் எழுதும் தேர்வுக்கு 75. ஒரு வாரப் பயிற்சியைத் தவறவிட்டால் பாதகமில்லை. ஐந்து வாரம் தவறவிட்டால் எட்டுக்கு வழியில்லை.

இனி உங்கள் மூன்று விருப்பங்களுக்கு வருவோம். முதலில் ரோபோட்டிக்ஸ். இது உங்களுக்கு மைனரே ஆகாது. ரோபோட்டிக்ஸும் ஆட்டோமேஷனும் மெக்கானிக்கல் துறையின் சொந்தப் பிரிவுகளில் ஒன்று. அதில் கூடுதலாக 18 கிரெடிட் படித்தால் கிடைப்பது ஆனர்ஸ், அதாவது சொந்தத் துறையிலேயே பெறும் சிறப்புத் தகுதி. ஆனர்ஸுக்கு சிஜிபிஏ 7.5 இருந்தால் மட்டும் போதாது, எல்லாப் பாடங்களிலும் முதல் முயற்சியிலேயே தேர்ச்சி பெற்றிருக்க வேண்டும். உங்கள் கணித அரியர் அந்தக் கதவை மூடிவிட்டது. இதைப் படிக்கும்போது உங்களுக்கு வருத்தமாக இருக்கும், எனக்குத் தெரிகிறது. ஆனால் ஆசை வீணாக வேண்டியதில்லை. பாடத்திட்டத்திலேயே உள்ள துறைசார் விருப்பப் பாடங்களின் இடங்களில் ரோபோட்டிக்ஸ் பாடங்களை வரிசையாக எடுத்துக்கொள்ளுங்கள். கூடுதல் பட்டம் இல்லாவிட்டாலும் கூடுதல் சுமையும் இருக்காது, அறிவு மட்டும் சேரும்.

இரண்டாவது, பிசினஸ் டேட்டா அனலிட்டிக்ஸ். பெயரில் 'டேட்டா' இருப்பதால் கூட்டம் சேருகிறது. அதன் ஆறு பாடங்களின் பெயர்களை ஒருமுறை நிதானமாக வாசியுங்கள்: மேலாண்மைக்கான புள்ளியியல், வணிக நுண்ணறிவுக்கான தரவு அகழ்வு, மனிதவளப் பகுப்பாய்வு, சந்தை மற்றும் சமூக ஊடகப் பகுப்பாய்வு, உற்பத்தி மற்றும் விநியோகச் சங்கிலிப் பகுப்பாய்வு, நிதிப் பகுப்பாய்வு. எம்பிஏ படிக்க எண்ணியிருப்பவருக்கு இது நல்ல முன்பயிற்சி. இயந்திரப் பொறியாளராக நிற்க விரும்புகிறவருக்குப் புள்ளியியலும் விநியோகச் சங்கிலியும் நேரடியாகப் பயன்படும். மற்ற நான்கும் தேர்வோடு மறந்துபோகும். பாதி நண்பர்கள் போகிறார்கள் என்பது அந்தப் பிரிவைப் பற்றி உங்களுக்கு எதையும் சொல்வதில்லை, நண்பர்களைப் பற்றித்தான் சொல்கிறது.

மூன்றாவது, மின்னியல் துறையின் மின்வாகனப் பிரிவு. வாகனத்தின் கட்டமைப்பு, மோட்டாரும் அதை இயக்கும் பவர் கன்வெர்ட்டரும், மின்னேற்ற அமைப்பு, சோதனை முறைகள், மின்தொகுப்போடு இணைப்பது எனப் பாடங்கள் நீள்கின்றன. என் ஓட்டு இதற்குத்தான். காரணம், மின்வாகனத்துக்கு இன்று இருக்கும் மவுசு அல்ல. மவுசு நான்கு ஆண்டுகளில் எப்படியும் இடம் மாறும். மைனர் என்பது உங்கள் முதன்மைத் துறைக்கு எட்டாத, ஆனால் அதை ஒட்டியே இருக்கும் ஒன்றாக இருக்க வேண்டும் என்பது என் கணிப்பு. லாரியின் எடை, சேசிஸ் (அடிச்சட்டம்), அதிர்வு ஆகியவற்றை உங்கள் துறை கற்றுத்தரும். அந்தச் சேசிஸில் பல நூறு கிலோ பேட்டரி ஏறினால் பாடியின் எடையை எங்கே குறைப்பது, உயர் மின்னழுத்தக் கம்பிகளை எந்த வழியாகக் கொண்டுபோவது என்ற கேள்விகள் இரண்டு துறைகளின் எல்லையில் நிற்பவை. அப்பாவின் பட்டறை வாசலுக்கு அந்தக் கேள்விகள் ஒருநாள் வரும்.

ஆனால் ஓர் எச்சரிக்கை. மின்னியலில் நீங்கள் இதுவரை படித்தது முதலாண்டின் அடிப்படை மின்னியல், மின்னணுவியல் தாள் ஒன்றுதான்; பவர் எலெக்ட்ரானிக்ஸ் உங்கள் பாடத்திட்டத்தில் இல்லை. சேரும் முன் ஒரு சிறு சோதனை செய்து பாருங்கள். மோட்டார், கன்வெர்ட்டர் பாடத்தின் பாடத்திட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அது அலகுகளாகப் பிரிக்கப்பட்டிருக்கும். முதல் அலகுக்குரிய அத்தியாயத்தை நூலகத்தில் உட்கார்ந்து வாசியுங்கள். மூன்றாம் பக்கத்திலேயே வேறொரு புத்தகத்தைத் தேட வேண்டியிருந்தால், அந்தப் புத்தகம்தான் உங்கள் கோடை விடுமுறை வேலை. இரண்டாம் அலகு வரை தடுக்காமல் போனால் துணிந்து பதிவு செய்யுங்கள். அதோடு, அந்த ஆறு பாடங்களையும் உங்கள் கல்லூரியில் யார் நடத்துவார்கள் என்று மின்னியல் துறைத் தலைவரிடம் போய்க் கேளுங்கள். பட்டியலில் இருக்கும் பாடமெல்லாம் வகுப்பறைக்கு வருவதில்லை. போதிய மாணவர்கள் சேராத பாடம் தொடங்கப்படாமலே போவதுண்டு.

இடையில் முடியாமல் போனால் என்ன செய்வது என்ற பயமும் உங்களுக்கு இருக்கலாம். மைனரைப் பாதியில் கைவிட்டாலும் படித்த பாடங்கள் வீண்போவதில்லை. பாடத்திட்டத்தில் உள்ள பொது விருப்பப் பாடங்களுக்குப் பதிலாக அவை எடுத்துக்கொள்ளப்படும் என்று ஒழுங்குமுறையிலேயே இருக்கிறது. இந்த ஒரு விதியைப் பற்றிப் பல மாணவர்களுக்குத் தெரிவதே இல்லை. எதற்கும் முன்னால் அந்தக் கணித அரியரை முடித்துவிடுங்கள்.

கேள்வி: என் மகன் தன்னாட்சிக் கல்லூரி (பாடத்திட்டத்தைத் தானே வகுத்துக்கொள்ளும் கல்லூரி) ஒன்றில் சிவில் படிக்கிறான். கம்ப்யூட்டர் சயின்ஸில் மைனர் எடுத்தால் கம்ப்யூட்டர் சயின்ஸ் பட்டதாரிக்குச் சமமாக வேலை கிடைக்குமா?
(ஒரு தந்தை, தஞ்சாவூர்)

பதில்: சமமாகாது. பட்டம் சிவில் பொறியியல் பட்டமாகவே இருக்கும்; அதன் பக்கத்தில் மைனர் குறிப்பிடப்படும். குறிப்பிட்ட துறையின் பட்டத்தைத் தகுதியாகக் கேட்கும் அரசுப் பணிகளும் பொதுத்துறை நிறுவனங்களும் முதன்மைத் துறையைத்தான் பார்க்கும். பெரிய மென்பொருள் சேவை நிறுவனங்களோ வளாகத் தேர்வில் எல்லாப் பிரிவு மாணவர்களையும் அழைக்கின்றன. அங்கே வடிகட்டுவது திறனறித் தேர்வும் நிரல் எழுதும் தேர்வும் நிலுவை அரியர்களும்தான். அதற்காக மட்டும் என்றால் 270 வகுப்புகள் தேவையில்லை. தினமும் ஒரு மணி நேரம் நிரல் எழுதிப் பழகினாலே போதும்.

தரவு அறிவியலை ஆழமாகக் கற்க விரும்புகிறான் என்றால் அது வேறு விஷயம். அப்போதும் ஒரு சிக்கல் இருக்கிறது. கணினித் துறையின் தரவு அறிவியல் பிரிவில் ஆழ்கற்றல், படப் பகுப்பாய்வு போன்ற பாடங்கள் வருகின்றன. அவற்றுக்கு அடிப்படையான தரவுக் கட்டமைப்பையும் தரவுத்தளத்தையும் கணினி மாணவர்கள் இரண்டாமாண்டிலேயே முடித்திருப்பார்கள், சிவில் மாணவர் தொட்டிருக்க மாட்டார். அடித்தளம் போடாமல் மூன்றாம் மாடி எழுப்புவது தவறென்று சிவில் மாணவனுக்கு நான் சொல்லத் தேவையில்லை. 2022-இல் பல்கலைக்கழக மானியக் குழு ஒரே நேரத்தில் இரண்டு பட்டங்கள் படிக்க அனுமதித்துவிட்டதால், சென்னை ஐஐடி இணையவழியில் நடத்தும் தரவு அறிவியல் பி.எஸ். படிப்பையும் பரிசீலிக்கலாம்; அது அடிப்படைப் பாடங்களிலிருந்து தொடங்குகிறது, சான்றிதழ் நிலையிலோ டிப்ளமோ நிலையிலோ வெளியேறவும் வழி உண்டு. கட்டணத்தைப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். மைனரே போதும் என்று அவன் நினைத்தால், தன்னாட்சிக் கல்லூரிகளின் விதிகள் கல்லூரிக்குக் கல்லூரி மாறும் என்பதால், நான் மேலே சொன்ன எண்களை அப்படியே எடுத்துக்கொள்ளாமல் அவனுடைய கல்லூரியின் ஒழுங்குமுறைப் புத்தகத்தைக் கேட்டு வாங்கிப் படியுங்கள்.

கேள்வி: நான் ஈசிஇ (மின்னணு, தகவல் தொடர்புப் பொறியியல்) மாணவி. குடிமைப் பணித் தேர்வு எழுத வேண்டும் என்பது என் இலக்கு. பொது நிர்வாகத்தில் மைனர் எடுப்பது உதவுமா, அல்லது நேரம் வீணா?
(வாசகி, திருச்சி)

பதில்: உதவும். இந்தியாவின் அரசமைப்பு, இந்திய நிர்வாக அமைப்பு, நிர்வாகக் கோட்பாடுகள், பொதுக் கொள்கை என அந்தப் பிரிவின் பாடங்கள் முதன்மைத் தேர்வின் பொது அறிவுத் தாள்களோடு நன்றாகவே ஒட்டுகின்றன. பொது நிர்வாகத்தையே விருப்பப் பாடமாக எடுத்தால், 250 மதிப்பெண் வீதம் உள்ள இரண்டு தாள்களுக்கும் கல்லூரியிலேயே தொடக்கம் கிடைத்துவிடும். தேர்வாணையம் மைனருக்கென்று தனி மதிப்பெண் எதுவும் தருவதில்லை. ஏதாவது ஒரு பட்டம் இருந்தால் தேர்வெழுதலாம்.

ஒன்றை மட்டும் கவனியுங்கள். கல்லூரித் தேர்வில் பதின்மூன்று மதிப்பெண் வினாவுக்கு எழுதும் பாணி வேறு, குடிமைப் பணித் தேர்வில் 150 சொற்களுக்குள் சுருக்கி எழுதும் பாணி வேறு. வகுப்பில் ஓர் அலகு முடிந்ததும், அதே தலைப்பில் முந்தைய ஆண்டு முதன்மைத் தேர்வு வினா ஒன்றை எடுத்து, கடிகாரத்தை வைத்துக்கொண்டு எழுதி, அந்தப் பாடத்தை நடத்தும் ஆசிரியரிடமே திருத்தக் கொடுங்கள்.